கேட்காமல் தொடங்கிய மாத்திரை, கேட்காமல் நிறுத்திய மாத்திரை

வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய பழைய வடஆற்காட்டுப் பகுதிகளிலிருந்து வந்தவை. ஒரு பகுதியினர் வாய் உலர்வது, படபடப்பு, தலைசுற்றல், சிறுநீர் அடைப்பு போன்ற பக்கவிளைவுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மற்றொரு பகுதியினர் கருவுற்ற பெண்ணுக்கு எது ஆகும், எது ஆகாது என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே மருந்து இரு கூட்டத்தாரின் கடிதத்திலும் வருவதால் அவற்றைப் பிரிக்காமல் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு 70 வயது. புராஸ்டேட் வீக்கத்துக்காக டாம்சுலோசின் மாத்திரை எடுத்துவருகிறார். இரவில் படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். சென்ற மாதம் சளிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை இரண்டு வேளை போட்டார். அன்றிரவே சிறுநீர் முழுவதுமாக அடைத்துக்கொண்டு, மருத்துவமனையில் குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். சளி மாத்திரைக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு? விரைவில் அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சையும் செய்ய இருக்கிறார்கள்.
வாசகர், ஆற்காடு

பதில்: மிக நெருங்கிய தொடர்பு உண்டு. இதயம் துடிப்பது, குடல் அசைவது, கண்பாவை சுருங்கி விரிவது, சிறுநீர்ப்பை நிறைந்து காலியாவது எனப் பல வேலைகள் நம் கட்டளையை எதிர்பாராமல் நடக்கின்றன. இவற்றை நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். அதில் பரிவு நரம்புகள் என்றும் எதிர்ப்பரிவு நரம்புகள் என்றும் இரண்டு பிரிவுகள் உண்டு. பரிவு நரம்புகள் பெரும்பாலும் நார்அட்ரினலின் என்னும் பொருளைச் சுரந்து இதயத்தை விரைவுபடுத்தும்; இரத்தக் குழாய்களையும் சிறுநீர்ப்பையின் வாயையும் இறுக்கும். எதிர்ப்பரிவு நரம்புகள் அசிட்டைல்கோலினைச் சுரந்து எச்சிலை ஊறவைக்கும், குடலை அசைக்கும், சிறுநீர்ப்பையைச் சுருக்கிச் சிறுநீரை வெளியேற்றும். ஏரி மதகைத் திறந்தால் அந்த வாய்க்காலைச் சார்ந்த எல்லா வயல்களுக்கும் தண்ணீர் பாய்வதைப் போல, இந்த நரம்புகளை நோக்கிக் கொடுக்கப்படும் மருந்தும் நாம் விரும்பிய ஓர் உறுப்போடு நிற்பதில்லை.

டாம்சுலோசின், சிறுநீர்ப்பையின் வாயில் நார்அட்ரினலின் வந்து பற்றும் இடங்களான ஆல்ஃபா ஏற்பிகளைத் தடுத்து அந்தப் பகுதியைத் தளர்த்துகிறது. அதே வகை ஏற்பிகள் இரத்தக் குழாய்களிலும் இருப்பதால், படுத்திருப்பவர் சட்டென்று எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. மாத்திரையை உணவுக்குப் பிறகு, நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். இரவில் எழும்போது கட்டிலின் ஓரத்தில் ஒரு நிமிடம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகே நிற்கட்டும். முதியவர்களுக்கு இரவில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதைத்தான் நான் பெரிதும் அஞ்சுகிறேன்.

கடைகளில் கிடைக்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும். முதலாவது மருந்து அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பதால் சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவை இழக்கிறது. இரண்டாவது மருந்து, டாம்சுலோசின் தளர்த்தி வைத்த வாயைத் திரும்பவும் இறுக்குகிறது. உங்கள் தந்தைக்குத் தள்ளும் விசையும் குறைந்தது, வழியும் அடைபட்டது. வயிற்றுவலிக்குக் கொடுக்கும் டைசைக்ளோமினும் இதே காரணத்தால் அவருக்கு ஏற்றதன்று. இனிச் சளி பிடித்தால் ஆவி பிடிப்பதும், காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் எடுப்பதும் போதும்.

கண் மருத்துவரிடம் டாம்சுலோசின் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். கருவிழிப்படலத்தின் தசையிலும் ஆல்ஃபா ஏற்பிகள் உள்ளன. இந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அறுவைச் சிகிச்சையின்போது அந்தப் படலம் துவண்டு நடுவில் வந்து விழக்கூடும். சில நாள்களுக்கு முன் மாத்திரையை நிறுத்திவிட்டாலும் இது முழுவதுமாக விலகுவதில்லை. முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்கான முன்னேற்பாட்டுடன் அறுவைச் சிகிச்சையைச் செய்வார்.

கேள்வி: நிலக்கடலைக்கு மருந்து அடித்துவிட்டு வந்த என் கணவருக்கு வாயில் நுரை தள்ளி, வியர்த்துக் கொட்டி, மூச்சுத் திணறியது. மருத்துவமனையில் அட்ரோபின் ஊசியை மீண்டும் மீண்டும் போட்டார்கள். மறுநாள் அவர் உளறினார், காற்றில் எதையோ பிடிப்பதுபோல் கையை ஆட்டினார், உடம்பும் கொதித்தது. பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனாலும் தவறான ஊசியைப் போட்டுவிட்டார்களோ என்று உறவினர்கள் பேசுகிறார்கள்.
வாசகி, அணைக்கட்டு

பதில்: அம்மா, சரியான ஊசியைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகிறது. சிதையாத அசிட்டைல்கோலின் உடலெங்கும் தேங்குவதால் எச்சில் வழிகிறது, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குகிறது, நெஞ்சில் சளி நிரம்புகிறது, இதயத் துடிப்பு குறைகிறது. அட்ரோபின் அந்த அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மருந்து. வேறு தேவைகளுக்கு 0.6 மில்லிகிராம் போதுமான அந்த ஊசியை, விஷமுறிவுக்காக நெஞ்சில் சளிச் சத்தம் நின்று, நாடித் துடிப்பு 80-க்கு மேல் வரும்வரை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த அளவு சற்றே மிகும்போது உளறல், காய்ச்சல், வறண்ட நாக்கு, காற்றில் கைவீசுதல் ஆகியவை தோன்றும். அளவைக் குறைத்தால் அவை தணிந்துவிடும். ஊமத்தங்காயைத் தின்றவர்களிடம் நம் ஊரார் பார்த்திருக்கும் பிதற்றலும் இதுவே. ஊமத்தையில் இருப்பதும் அட்ரோபின் இனத்தைச் சேர்ந்த பொருள்தான்.

அட்ரோபினால் தசைத் தளர்ச்சியைச் சரிசெய்ய முடியாது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். நோயாளி தெளிந்துவிட்டதுபோல் தோன்றிய பிறகு, ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளரக்கூடும் என்று 1987-இல் இலங்கை மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். ‘நன்றாகத்தானே பேசுகிறார்’ என்று சொந்தப் பொறுப்பில் வீட்டுக்கு அழைத்துச் செல்பவர்களை மருத்துவர்கள் தடுப்பது இதற்காகத்தான். பிராலிடாக்சிம் என்ற இன்னொரு மருந்தைப் பற்றி நம் வேலூரிலேயே 1990-களில் ஆய்வுகள் நடந்தன. எதிர்பார்த்த பலன் அவற்றில் தெரியவில்லை. இன்றும் உயிர்காப்பது அட்ரோபினும், மூச்சுக்குக் கொடுக்கும் துணையும்தான்.

உங்கள் வீட்டில் மருமகள் கருவுற்றிருப்பதாக எழுதியிருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். மருந்து கலக்கும் இடத்துக்கும், அடித்த வயலுக்கும் அவர் போகக் கூடாது. மருந்து அடித்துவிட்டு வந்த துணியை அவர் துவைக்கவும் கூடாது. இந்த விஷம் தோல் வழியாகவே உள்ளே புகும். யார் மேலாவது மருந்து கொட்டிவிட்டால் துணியைக் களைந்து, சோப்பும் நிறைய தண்ணீரும் கொண்டு கழுவி, 108-ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு. இன்ஹேலர் இழுத்தால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. குழந்தைக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் நிறுத்திவிட்டேன். மூச்சு முட்டும்போது மாத்திரை மட்டும் போட்டுக்கொள்கிறேன்.
வாசகி, காட்பாடி

பதில்: சகோதரி, இன்ஹேலரை இன்றே தொடங்குங்கள். சால்புட்டமால், மூச்சுக்குழாயில் உள்ள பீட்டா ஏற்பிகளைத் தூண்டி அதை விரிக்கிறது. கைத் தசைகளிலும் இதயத்திலும் அவ்வகை ஏற்பிகள் இருப்பதால் நடுக்கமும் படபடப்பும் வருகின்றன. சிறிது நேரத்தில் அடங்கிவிடுகின்றன. இன்ஹேலரின் ஓர் இழுப்பில் 100 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது அதைப்போல் 40 மடங்கு. குழந்தையை நினைத்து நீங்கள் சிறியதை விட்டுவிட்டுப் பெரியதை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தாய்க்கு மூச்சுத் திணறினால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும். கட்டுப்படாத ஆஸ்துமா குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த பிறப்புக்கும் வழிவகுக்கும். அடிக்கடி சால்புட்டமால் தேவைப்படுகிறது என்றால் புடசொனைடு போன்ற தடுப்பு இன்ஹேலரையும் மருத்துவர் சேர்த்துக் கொடுப்பார். அதையும் கர்ப்பகாலத்தில் எடுக்கலாம், இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்தால் போதும்.

பிரசவத்துக்குச் சேரும்போது ஆஸ்துமா உண்டு என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். கர்ப்பகால இரத்த அழுத்தத்துக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் லபெட்டலால், பீட்டா ஏற்பிகளைத் தடுப்பதால் ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும். உங்களுக்கு மெத்தில்டோபாவோ நிஃபெடிப்பினோ கொடுப்பார்கள். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தப் போடும் கார்போபுரோஸ்ட் ஊசியும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

கேள்வி: நான் வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன். இப்போது மூன்று மாதம். நான் பீடி குடிப்பதில்லை, புகையிலை போடுவதுமில்லை. சுற்றுவதால் மட்டும் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் வருமா? என் மாமியார் பீடி சுற்றிக்கொண்டே நான்கு பிள்ளை பெற்றவர்.
வாசகி, குடியாத்தம்

பதில்: குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் உரிய கேள்வி இது, எழுதியதற்கு நன்றி. புகையிலைத் தூளில் உள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவும், தூசியை மூச்சில் இழுப்பதன் வழியாகவும், கழுவாத கையால் உண்பதன் வழியாகவும் உடலில் சேர்கிறது. பீடி குடிக்காத, சுற்ற மட்டும் செய்கிற தொழிலாளர்களின் சிறுநீரிலேயே நிக்கோட்டினின் எச்சம் காணப்பட்டிருக்கிறது. நிக்கோட்டின், தானியங்கு நரம்புகள் சந்திக்கும் முடிச்சுகளைத் தூண்டும் பொருள். புதிதாகச் சுற்றப் பழகும் பெண்களுக்கு வரும் குமட்டல், தலைசுற்றல், படபடப்பு ஆகியவை அந்தத் தூண்டலின் அடையாளங்கள். அதுவே நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடைகிறது; கருப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. குழந்தை எடை குறைந்து பிறப்பதும், குறைமாதத்தில் பிறப்பதும் புகையிலையோடு நெருங்கிய தொடர்புடையவை. உங்கள் மாமியார் நல்லபடியாகப் பெற்றெடுத்தார் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவருடைய உடலுக்கு நேராதது உங்களுக்கும் நேராது என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது.

கூலியை விட்டுவிடுங்கள் என்று எழுதுவது எனக்கு எளிது, உங்களுக்கு எளிதன்று என்பதை அறிவேன். முடிந்தால் பிரசவம்வரை நிறுத்துங்கள். முடியாவிட்டால் சுற்றும் நேரத்தைக் குறைத்து, காற்றோட்டமான திண்ணையில் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு வேலை செய்யுங்கள். புகையிலைத் தூளைச் சலிப்பதும் கொட்டுவதும் வேறொருவர் செய்யட்டும். முறத்தைப் படுக்கும் அறையிலும் சமைக்கும் இடத்திலும் வைக்க வேண்டாம். சாப்பிடும் முன்பும் குழந்தைகளைத் தூக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டுக்குள் யாரும் பீடி பிடிக்கக் கூடாது. அந்தப் புகையும் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல்தான். கிராம சுகாதாரச் செவிலியரிடம் இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் உடனே செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி அந்தப் பதிவின் வழியாகத்தான் கிடைக்கும். சில மாதக் கூலியை விடுவதற்கு அது ஓரளவு கைகொடுக்கும்.

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. வலிப்புக்காக வால்ப்ரோயேட் மாத்திரை எடுக்கிறாள். மூன்று ஆண்டுகளாக வலிப்பு வரவில்லை. திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாத்திரையைப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள், பிள்ளைக்கும் ஆகாது என்கிறார்கள் என்பதால் நிறுத்திவிடலாமா?
வாசகி, வாணியம்பாடி

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மாத்திரை திடீரென்று நின்றால் விட்டுவிட்டு வரும் வலிப்பு விடாத வலிப்பாக மாறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் நீங்கள் கேள்விப்பட்டதிலும் உண்மை இருக்கிறது. எந்த மருந்தும் எடுக்காத தாய்மார்களின் குழந்தைகளிலேயே 100-க்கு இரண்டு மூன்று குழந்தைகள் பெரிய பிறவிக் குறையுடன் பிறக்கின்றன. கர்ப்பகாலத்தில் வால்ப்ரோயேட் எடுத்தவர்களிடம் அது 100-க்குப் பத்து அளவுக்கு உயர்கிறது. முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பது அவற்றுள் முக்கியமானது. அதைவிட என்னை வருத்துவது வேறு. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளிலும் 100-க்கு 30 முதல் 40 பேருக்குப் பேச்சிலும் கற்றலிலும் வளர்ச்சிச் சிக்கல் தென்படுகிறது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: திருமணத்துக்கு முன்பே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். லெவிடிராசெட்டம், லமோட்ரிஜின் போன்ற, கருவுக்குப் பாதிப்பு மிகக் குறைந்த மருந்துகள் இருக்கின்றன. வால்ப்ரோயேட்டைப் படிப்படியாகக் குறைத்துப் புதியதைப் படிப்படியாக ஏற்றச் சில மாதங்கள் ஆகும். மாற்றிய பிறகும் வலிப்பு வராமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே, மருத்துவர் சொல்லும் அளவில் ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். கருவின் முதுகுத்தண்டுக் குழல் கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போனதை உணர்ந்து மருத்துவரிடம் வரும்போது பெரும்பாலும் அந்த வேலை முடிந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லுங்கள். ஒளித்து விழுங்கும் மாத்திரை விரைவில் விட்டுப்போகும். புகுந்த வீட்டில் முதல் வலிப்பு வரும்போது என்ன செய்வதென்று அங்கே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: கருவுற்றது தெரியாமல் தலைவலிக்கும் சளிக்கும் சில மாத்திரைகள் போட்டுவிட்டேன். குழந்தை ஊனமாகப் பிறக்கும், கலைத்துவிடு என்கிறார்கள்.
வாசகி, திருப்பத்தூர்

பதில்: அதற்காகக் கலைக்க வேண்டியதில்லை. கருத்தரித்த முதல் இரண்டு வாரங்களில் ஒரு பொருள் கடுமையாகத் தாக்கினால் கரு தங்குவதே இல்லை. தங்கிவிட்டால் பொதுவாகக் குறையில்லாமல் வளர்கிறது. மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம்வரை உறுப்புகள் உருவாகும் காலமே மிகவும் மென்மையானது. நீங்கள் எழுதியிருக்கும் பாராசிட்டமாலும் சளி மாத்திரையும் கருவைச் சிதைக்கும் மருந்துகளின் வரிசையில் இல்லை. மாத்திரைப் பட்டையை எடுத்துச் சென்று மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். கலைக்கும் மாத்திரையை மட்டும் மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுவிட வேண்டாம். அரைகுறையாகக் கலைந்து இரத்தப்போக்கில் வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இவ்வளவு அச்சம் ஏன் வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. தாலிடோமைடு என்ற தூக்க மருந்து 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கும் நல்லது என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1961 நவம்பரில் அங்கே அது திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் வளராமலும் வேறு குறைகளுடனும் பிறந்துவிட்டன. கருத்தரித்த 20-ஆம் நாள் முதல் 36-ஆம் நாள்வரையிலான குறுகிய காலத்தில் எடுத்த ஒரு மாத்திரைகூட அதற்குப் போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, சான்று போதாது என்று அனுமதி தர மறுத்ததால் அந்த நாடு பெருமளவு தப்பியது. அந்த மருந்து ஒழிந்துவிடவில்லை. தொழுநோயில் வரும் ஒருவகைக் கடும் எதிர்வினைக்கும், ஒருவகை எலும்பு மச்சைப் புற்றுக்கும் இன்றும் பயன்படுகிறது. தொழுநோய்ச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற கரிகிரி நம் பக்கத்தில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அதை எடுக்கும் பெண்கள் கருத்தரிக்கவே கூடாது. எடுக்கும் ஆண்களும் ஆணுறை அணிய வேண்டும், ஏனெனில் அது விந்திலும் கலக்கிறது. மீந்த மாத்திரையை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: முகப்பருவுக்குத் தோழி எடுத்த ஐசோட்ரெடினாயின் மாத்திரை எனக்கும் பலன் தந்தது. திருமணமாகி ஆறு மாதமாகிறது. தொடரலாமா?
வாசகி, இராணிப்பேட்டை

பதில்: கூடாது. கருவின் முகம், காது, இதயம், மூளை ஆகியவற்றைச் சிதைப்பதில் தாலிடோமைடுக்கு அடுத்து வைத்துப் பேசப்படும் மருந்து இது. இன்றே நிறுத்துங்கள், நிறுத்தி ஒரு மாதமாவது கழிந்த பிறகே கருத்தரிக்கத் திட்டமிடுங்கள். மாதவிலக்கு தள்ளியிருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள்.

கேள்வி: இரத்தக் கொதிப்புக்கு ராமிப்ரில் எடுக்கும் எனக்கு இப்போது இரண்டு மாதம். மசக்கை வாந்தியும் தாங்க முடியவில்லை. இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக் போடலாமா?
வாசகி, சோளிங்கர்

பதில்: ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் ஆகியவை கர்ப்பகாலத்தில் ஆகாதவை. நான்காம் மாதத்துக்குப் பிறகு தொடர்ந்தால் குழந்தையின் சிறுநீரகம் வேலை செய்யாமல் பனிக்குட நீர் வற்றிவிடும். நீங்கள் இரண்டாம் மாதத்திலேயே கேட்டுவிட்டது நல்லதாயிற்று. ஆனால் மாத்திரையை விட்டுவிட்டு வெறுமனே இருந்துவிடாமல், இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து மெத்தில்டோபா, லபெட்டலால், நிஃபெடிப்பின் ஆகியவற்றுள் ஒன்றுக்கு மாறுங்கள். அட்டெனலால் வேண்டாம், அது குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கக்கூடியது.

டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகளைத் தவிர்த்துவிடுங்கள். 20 வாரத்துக்குப் பின் அவையும் பனிக்குட நீரைக் குறைக்கும். கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே பிறப்புவரை திறந்திருக்க வேண்டிய இரத்தக் குழாயை முன்னதாகவே மூடிவிடக்கூடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

வாந்திக்கு டாக்சிலமினும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரையை மருத்துவர் எழுதிக்கொடுத்தால் தயங்காமல் எடுங்கள். வழக்குகளின் தொல்லையால் அமெரிக்காவில் 1983-இல் தயாரிப்பாளரே விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்ட மருந்து இது. அது குழந்தைக்குக் கேடு செய்வதாக ஆய்வுகளில் தெரியாததால் 2013-இல் அங்கே மீண்டும் அனுமதி பெற்றது. டாக்சிலமினும் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் இயல்புடையது என்பதால் வாய் உலரும், தூக்கம் வரும், மலம் சற்று இறுகும். இரவு படுக்கும்போது எடுத்தால் பகல் தூக்கம் குறையும். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தாலோ, சிறுநீர் மஞ்சளாகிக் குறைந்தாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் சென்று குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளுங்கள்.